தொண்ணூற்றொன்பது நாள் விருந்தாளி

2019 ஆகஸ்டு 19. பெயர் நீக்கப் படிவம், முத்திரை: 1,500 கியாட்.
2023 நவம்பர் 9. பூசானிலிருந்து ரங்கூன், ஒரு வழிச் சீட்டு: 14,20,000 கியாட்.
2023 நவம்பர் 9 முதல் 2024 பிப்ரவரி 7 வரை. விருந்தாளிப் பதிவு, நான்கு முறை: 4,000 கியாட்.
2024 ஜனவரி 22. பெயர் சேர்ப்பு விண்ணப்பம்: 10,000 கியாட்.
2024 பிப்ரவரி 19. வார்டுச் சான்று: 5,000 கியாட்.
2024 பிப்ரவரி 21. மொழிபெயர்ப்பு, நோட்டரி: 60,000 கியாட்.
2024 பிப்ரவரி 23. விசா விண்ணப்பம்: 2,10,000 கியாட்.
2024 மார்ச் 29. விளக்கக் கடிதம், மறுபடி மொழிபெயர்ப்பு, நோட்டரி: 85,000 கியாட்.
2024 ஏப்ரல் 22. கொண்டுபோனது, கொண்டுபோனபடியே திரும்பியது: 50,00,000 கியாட்.

ரங்கூன் நகரத்துத் தாகேதாவில், பாலம் இறங்கி இடதுபுறம் திரும்பும் சந்தில் நாலாவது வீடு நாகரத்தினத்தினுடையது. போட்டாதாங் படகுத்துறைக் கிடங்குகளில் முப்பத்தெட்டு வருஷம் மூட்டை எண்ணியவர். கப்பலுக்கு ஏறும் உளுந்து, துவரை, அரிசி எதுவானாலும் கிடங்கு வாசலில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். சுமைகாரர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போகும்போது அட்டையில் கோடு இழுப்பார். நாலு கோடு, குறுக்கே ஒன்று. சாயங்காலம் கப்பல்காரனுடைய எண்ணிக்கையும் அவருடையதும் ஒத்துப்போகாவிட்டால் கப்பல்காரன்தான் மறுபடி எண்ணுவான். துறையில் அது எழுதாத சட்டமாகவே இருந்தது.

தாள்களின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை. 1964-இல் ரங்கூன் தமிழர்கள் கப்பல் கப்பலாக ஊரைவிட்டுப் போனபோது அவருக்கு எட்டு வயது. பக்கத்து வீடு, எதிர்வீடு, அடுத்த தெரு எல்லாம் காலியானது. விசாரிக்க வந்த அதிகாரியின் முன்னால் அவருடைய அப்பா ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து வைத்தார். உள்ளே 1939-லிருந்து ஒரு மாதம் விடாமல் வாடகைச் சீட்டுகள், தேதி வாரியாக நூல் கோத்து. அதிகாரி அரைமணி நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, டின்னை மூடிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் குடும்பம் ரங்கூனிலேயே தங்கியது. எழுதியது சரியாக இருந்தால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று அந்த எட்டு வயதுப் பையன் அன்றைக்கு முடிவு கட்டிக்கொண்டான்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் லதா, க்யிம்யிண்டைங் சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவனுக்கு வாழ்க்கைப்பட்டு அங்கேயே கடையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவன் தமிழ்மணி. பெயரில்தான் தமிழ். கூட்டாளிகளோடு பேசுவதெல்லாம் பர்மிய மொழி. அப்பா அம்மாவோடு மட்டும் தமிழ், அதுவும் பாதி வாக்கியத்தில் பர்மியத்துக்குத் தாவிவிடும். ஆனால் படிப்பில் சூரன். 2019-இல் கொரியாவில் பூசான் நகரத்து ஒரு பல்கலைக்கழகத்தில் குளிர்பதனப் பொறியியல் படிக்க அரை உதவித்தொகையோடு இடம் கிடைத்தது.

அவன் விமானம் ஏறிய மூன்றாம் நாள் நாகரத்தினம் வார்டு அலுவலகத்துக்குப் போனார். அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குடும்பப் பதிவுத்தாள் உண்டு. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் ஆதாரம். பள்ளிக்கூடம், பாஸ்போர்ட், மின்சார மீட்டர் எதற்கும் அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள். நெடுநாள் வெளிநாட்டில் தங்கப் போகிறவரின் பெயரை அதிலிருந்து எடுப்பதற்கென்று ஒரு படிவம் இருந்தது. இருந்ததே தவிர யாரும் அதை நிரப்புவதில்லை. மலேசியா போனவன், சிங்கப்பூர் போனவன், போய் இருபது வருஷமாகத் திரும்பாதவன் எல்லாரும் தாகேதாவில் தாளளவில் குடியிருந்தார்கள்.

வார்டு எழுத்தர் உதயசூரியன், தகப்பன் தமிழர், தாய் பர்மியர். வார்டில் அவனைக் கோ நே என்பார்கள், நே என்றால் சூரியன். நாகரத்தினத்தை அவன் கூப்பிடுவது ஊலே என்று. பர்மாக்காரர்கள் மாமாவை அழைப்பதுபோல. படிவத்தைத் தேடி எடுக்க அவனுக்கு முக்கால்மணி நேரம் ஆனது.

"நான் இங்க வந்து பதினொரு வருஷத்துல இத யாரும் கேட்டதில்ல, ஊலே. பையன் படிக்கத்தானே போயிருக்கான்? செத்தா போயிட்டான்?"

"இங்க இல்லாதவன இருக்கான்னு எப்படி வச்சிருக்கறது?" என்றார் நாகரத்தினம்.

வீட்டுக்கு வந்து தாளைக் காட்டியபோது மனைவி கனகாம்பாள் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். மகன் பெயரின் மேல் இழுத்திருந்த சிவப்புக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். இரண்டு நாள் அவருக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

நாலு வருஷம் ஓடியது. தொற்று வந்தது, ஊர் நிலைமை மாறியது, கியாட்டின் மதிப்பு விழுந்தது. தமிழ்மணி இரவில் கோழிக்கறிக் கடையில் பாத்திரம் கழுவிப் பாதிக் கட்டணத்தை அவனே கட்டினான். 2023 ஆகஸ்டில் பட்டம் வாங்கினான். அங்கே படித்து முடித்த வெளிநாட்டுப் பிள்ளைகள் வேலை தேடுவதற்கென்று ஒரு விசா உண்டு; படிப்பு விசா முடிவதற்குள் அதற்கு மாறிக்கொள்ளலாம். பட்டம், மதிப்பெண், வங்கியிருப்பு எல்லாம் தயார். குறையாக இருந்தது ஒன்றே ஒன்று, இருப்பிடச் சான்று. அவன் தங்கியிருந்த அறை அவன் பெயரில் இல்லை. ரங்கூனிலிருந்து கூடப் போன பாசில் என்ற சிநேகிதனின் பெயரில் இருந்தது. என் அறையில் இவன் தங்கியிருக்கிறான் என்று பாசில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, வாடகை ஒப்பந்த நகலோடு கொடுத்தால் போதும். பாசிலோ அந்த மாதம் வேலை கிடைத்து வேறு ஊருக்கு மாறும் அவசரத்தில் இருந்தான். புது அறைக்குப் போனதும் சேர்த்தே எழுதிக்கொள்ளலாம் என்று இருவரும் தள்ளிப் போட்டார்கள்.

அப்போதுதான் லதா போன் செய்தாள். அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது.

நவம்பர் 9-ஆம் தேதி அவன் ரங்கூன் வந்து இறங்குவதற்கு முன்பே, காலையில், நாகரத்தினம் வார்டு அலுவலகத்தில் நின்றார். பதிவுத்தாளில் பெயரில்லாத ஒருவர் வீட்டில் இரவு தங்கினால் விருந்தாளியாகப் பதிய வேண்டும். பெயர் தமிழ்மணி. உறவு மகன். வந்த காரணம் தாயைப் பார்க்க. உதயசூரியன் எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தான்.

"பெத்த மகன விருந்தாளின்னு எழுதச் சொல்ற ஆளு இந்த வார்டுல நீங்க ஒருத்தர்தான். ராத்திரி செக்கிங் வந்தா நான் பாத்துக்கிறேன், போங்க" என்றான். நாகரத்தினம் முப்பது நாளுக்கான சீட்டை வாங்காமல் நகரவில்லை.

பதின்மூன்றாம் தேதி கனகாம்பாள் இறந்தாள். கொள்ளி வைத்தவன் பதினாறாம் நாள் காரியம் முடிக்காமல் கடல் தாண்டுவதில்லை. காரியம் இருபத்தெட்டில் முடிந்தது. படிப்பு விசா முப்பதோடு முடிகிறது. ஓடிப்போய் இறங்கினாலும் கையில் ஒரு நாள்தான், கையில் இருப்பிடச் சான்றும் இல்லை. அவசரப்பட்டு வந்து மாட்டிக்கொள்ளாதே, ரங்கூனிலிருந்தே புதிதாகப் போடு, நான் இங்கே அறை ஒப்பந்தம் போட்டதும் என் சான்றை அனுப்புகிறேன் என்று பாசில் சொன்னான். சொன்னபடியே ஜனவரி 15-ஆம் தேதி அனுப்பியும் விட்டான்.

தேவையான தாள்களின் பட்டியலை அப்பனும் மகனும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். அங்கே எங்கே தங்குவான்: பாசிலின் தாள் இருந்தது. இங்கே எங்கே இருக்கிறான்: குடும்பப் பதிவுத்தாளும் வார்டுச் சான்றும் வேண்டும். தாளில் அவன் பெயரின் மேல் நாலு வருஷத்துச் சிவப்புக் கோடு கிடந்தது.

அன்றைக்குத் தமிழ்மணி அப்பாவைக் குறை சொல்லவில்லை. லதா சொன்னாள். க்யிம்யிண்டைங்கிலிருந்து சைக்கிள் ரிக்‌ஷாவும் பஸ்ஸும் மாறி வந்து, வெயிலுக்குப் பிடித்த குடையை மடக்கக்கூடச் செய்யாமல் சொன்னாள். ஊரில் ஒவ்வொருத்தரும் செத்தவர்கள் பெயரைக்கூட வைத்துக்கொண்டிருக்கிறார்கள், நீங்கள் இருப்பவன் பெயரை எடுத்துவிட்டு வந்தீர்கள் என்றாள். அவள் வீட்டுக்காரனுடைய பெரியப்பாவின் தாளில் தமிழ்மணியின் வயதுப் பையன் ஒருத்தன் இருக்கிறான், அவன் இடத்தில் இவனைக் குடியிருப்பதாகக் காட்டி ஒரு சான்று வாங்கித் தருவதாகவும் சொன்னாள். நாகரத்தினம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அவன் அங்கே இல்லையே என்றார். பெயர் சேர்ப்பு விண்ணப்பத்தை ஜனவரி 22, திங்கட்கிழமை கொடுத்தார்.

பிப்ரவரி 10, சனிக்கிழமை சாயங்காலம் செய்தி வந்தது. கட்டாய ராணுவ சேவைச் சட்டம் அமலுக்கு வருகிறது. பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து வயது ஆண்கள், வார்டு வார்டாகக் குலுக்கல் போட்டு எடுப்பார்களாம். சந்தில் அன்றைக்கு மின்சாரம் இருந்தும் ஒரு வீட்டிலும் டிவி சத்தம் கேட்கவில்லை. ஆட்களின் பெயர் எங்கிருந்து எடுக்கப்படும் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வார்டுகளிடம்தான் வீட்டுக்கு வீடு தாள் இருக்கிறதே.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் உதயசூரியன் வீட்டுக்கே வந்தான். சட்டைக்குள்ளிருந்து நாலாய் மடித்த ஒரு தாளை எடுத்துத் தண்ணீர்ச் செம்பின் பக்கத்தில் வைத்தான். நாகரத்தினம் கொடுத்த விண்ணப்பம்.

"இன்னும் மேல போகல, ஊலே. என் மேசையிலதான் கெடந்துச்சு. வேணும்னா இப்பவே அடுப்புல போட்டுடுங்க. இந்த வார்டுல தமிழ்மணின்னு ஒரு பையன் இல்ல. நீங்களே அப்படித்தானே எழுதிக் குடுத்தீங்க, நாலு வருஷம் முந்தி? அது அப்படியே இருக்கட்டும்."

தமிழ்மணி தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுப்பில் போட்டால் குலுக்கலில் பெயர் வராது. ஆனால் முகவரி இல்லை. முகவரி இல்லாவிட்டால் விசா இல்லை. முப்பது நாளுக்கொரு சீட்டு வாங்கிக்கொண்டு சொந்த வீட்டில் ஒளிந்திருக்க வேண்டும், எத்தனை வருஷம் என்று தெரியாமல். பெயரைச் சேர்த்தால் முகவரி கிடைக்கும், விசாவும் கிடைக்கலாம். கூடவே குலுக்கல் பெட்டியிலும் பெயர் விழும். எது முந்துகிறது என்பதுதான் கேள்வி.

நாகரத்தினம் காலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்தார். அந்த வாரக் கடைசியில் பெயர் சேர்ந்துவிட்டால், அடுத்த திங்கள் வார்டுச் சான்று. மொழிபெயர்ப்பு, நோட்டரி இரண்டு நாள். வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பம். விசாவுக்கு மூன்று வாரம் என்கிறார்கள், நாலு என்றே வைத்துக்கொள்வோம். மார்ச் 22. முதல் ஆட்களை ஏப்ரல் நடுவில்தான் எடுப்பார்கள் என்று பேச்சு. நடுவில் மூன்று வாரம் மிச்சம் இருக்கிறது. பென்சிலால் ஒவ்வொரு தேதியின் கீழும் புள்ளி வைத்துக் காட்டினார்.

"என்னடா சொல்ற?" என்று மகனைக் கேட்டார்.

"அப்பா கணக்கு தப்பாது" என்றான் தமிழ்மணி.

உதயசூரியன் தாளை மறுபடி மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, சாப்பிடாமலேயே போனான்.

பதினாறாம் தேதி பெயர் சேர்ந்தது. பத்தொன்பதாம் தேதி சான்று வாங்க நாகரத்தினம் போனார். உதயசூரியன் தயாராக அடித்து வைத்திருந்தான். இன்னார், இன்ன அடையாள எண், பிறந்தது முதல் இம்முகவரியில் தொடர்ந்து வசித்து வருகிறார், நன்னடத்தை உடையவர். கீழே வார்டு நிர்வாகியின் கையெழுத்துகூட ஆகியிருந்தது. நாகரத்தினம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இரண்டு முறை படித்தார்.

"பிறந்தது முதல் தொடர்ந்துன்னு இருக்கே."

"அது அச்சு, ஊலே. எல்லாருக்கும் அதுதான். எனக்கும் அதுதான் எழுதியிருக்கு, நான் பிறந்தது மோல்மீன்ல."

"பாஸ்போர்ட்டுல நாலு வருஷம் கொரியா முத்திரை குத்தியிருக்கான். இதுல தொடர்ந்து இங்க இருந்தான்னு இருந்தா, பாக்கறவன் என்ன நினைப்பான்? பொய்த்தாள் கொண்டுவந்திருக்கான்னு தள்ளிட மாட்டானா?"

"அவங்க ஆயிரம் பாத்திருப்பாங்க. யாரும் இத வாசிக்கறதே இல்ல. முத்திரை இருக்கான்னு மட்டும்தான் பாப்பாங்க."

நாகரத்தினம் கேட்கவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் உதயசூரியனால் மறுக்க முடியவில்லை. அலுத்துக்கொண்டே வேறு தாள் அடித்தான். 2019 ஆகஸ்டு வரை இம்முகவரியில் வசித்தார். மறுபடி 2023 நவம்பர் 9 முதல் வசித்து வருகிறார். நிர்வாகியிடம் மறுகையெழுத்து வாங்க மாலை வரை காத்திருந்தார்கள். சான்றைக் கையில் வாங்கியபோது நாகரத்தினத்துக்கு மனசு நிறைந்திருந்தது. ஒரு சொல்கூடத் தப்பு இல்லை. பெரிய கப்பலொன்றை எண்ணி முடித்து, கணக்கு ஒத்துப்போன சாயங்காலம் போல இருந்தது அவருக்கு. பாலம் வரை நடந்தே போனார்.

விண்ணப்பம் 23-ஆம் தேதி போனது. மார்ச் 8, வெள்ளிக்கிழமை கொரியத் தூதரகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மறுப்பு அல்ல, மரியாதையான கேள்விதான். வார்டுச் சான்றின்படி விண்ணப்பதாரர் 2023 நவம்பர் 9 முதல் இம்முகவரியில் வசிக்கிறார். குடும்பப் பதிவுத்தாளின்படி 2024 பிப்ரவரி 16 முதல்தான் வசிக்கிறார். இடைப்பட்ட தொண்ணூற்றொன்பது நாள் அவருடைய சட்டபூர்வமான முகவரி எது? ஆதாரத்துடன் விளக்கவும்.

அவர்களோடு சேர்ந்து கொரியாவுக்கு மனுப் போட்ட இன்னொரு பையன், லதாவின் கடைக்கு எதிரில் வெற்றிலை விற்பவளின் மகன், பிறந்தது முதல் தொடர்ந்து என்ற அச்சுச் சான்றோடு போட்டிருந்தான். அவனுக்கு மார்ச் 15-ஆம் தேதி விசா வந்தது. 18-ஆம் தேதி விமானம் ஏறிவிட்டான். இதை லதா சொல்லவில்லை. நாகரத்தினத்துக்குச் சந்தையில் வேறு யாரோ சொல்லித் தெரிந்தது.

விளக்கம் கொடுப்பது பெரிய காரியமில்லை. விருந்தாளிச் சீட்டு நாலும் அவரிடம் இருந்தன. ஒரு நாள் விடாமல். ஆனால் சீட்டு போதாது, வார்டின் விருந்தாளிப் பதிவேட்டு நகலும் முத்திரையோடு வேண்டும் என்று தூதரகத்தில் சொன்னார்கள். வார்டின் விருந்தாளிப் பதிவேடுகள் எல்லாம், ஆள் பட்டியல் தயாரிப்பதற்காக, மேல் அலுவலகத்துக்குப் போயிருந்தன. நாளைக்கு வரும், திங்கட்கிழமை வரும் என்றார்கள். நாகரத்தினம் தினமும் காலையில் போய் வார்டு அலுவலகப் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால், உள்ளே இரண்டு பேர் வீட்டுத்தாள்களைப் பார்த்து நீளத் தாளில் பெயர்களை எழுதிக்கொண்டிருப்பது தெரியும். வீட்டெண், பெயர், வயது. அவர்கள் வேகமாக எழுதினார்கள். ஒரு நாள் தன் சந்தின் எண்களை அவர்கள் சொல்லிக்கொண்டு எழுதுவதும் அவர் காதில் விழுந்தது. எழுந்து வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

பதிவேடு மார்ச் 28-ஆம் தேதி திரும்பி வந்தது. விளக்கம் ஏப்ரல் 1-ஆம் தேதி போய்ச் சேர்ந்தது. பிறகு திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா. அலுவலகங்கள் எல்லாம் பூட்டு. தமிழ்மணி அந்தப் பத்து நாளும் வாசலுக்கு வரவில்லை. கொரிய மொழிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மாடியில் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தான். பெட்டி கட்டி வைத்திருந்தான். தினமும் ஒரு சட்டையை அதிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு, சாயங்காலம் துவைத்துக் காயவைத்து மறுபடி மடித்து வைத்தான்.

ஏப்ரல் 20, சனிக்கிழமை வார்டு மண்டபத்தில் குலுக்கல். வீட்டுக்கு ஒருவர் வந்தால் போதும் என்றார்கள். நாகரத்தினம் போனார். தகர டப்பாவில் எண்கள். எடுத்தவர் ஒரு வயசான அம்மாள், வார்டில் எல்லாருக்கும் தெரிந்தவள், எண்ணைப் படிக்கும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. அன்றைக்கு எடுத்த எட்டில் ஐந்தாவது தமிழ்மணி.

லதா அன்றே வந்துவிட்டாள். அழுது முடித்த பிறகு காரியத்தைப் பேசினாள். தாய்லாந்து எல்லையில், மியாவாடிப் பக்கம் ஆட்களைக் கடத்திவிடும் ஒருத்தனைத் தெரியும், நாளைக்கே கிளம்பு என்றாள்.

தமிழ்மணி அக்காவிடம் தமிழில் பேசினான். வழக்கமாக அவளோடு பேசுவது பர்மிய மொழியில்தான்.

"நான் போனா தாளுல அடுத்த பேரு அப்பாதான். அறுபத்தேழு வயசுல கூட்டிட்டுப் போய் உக்கார வைப்பாங்க. முடியாதுக்கா."

திங்கட்கிழமை நாகரத்தினம் கனகாம்பாளின் நாலு வளையல், ஒரு சங்கிலி விற்ற பணத்தையும் தன் சேமிப்பையும் ஒரு துணிப்பையில் கட்டிக்கொண்டு உதயசூரியனுடைய வீட்டுக்குப் போனார். ஆளுக்குப் பதில் ஆள் அனுப்புகிறார்கள், பெயரைப் பின்னால் தள்ளுகிறார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. அறுபத்தேழு வருஷத்தில் யாருக்கும் மேசைக்கடியில் ஒரு காசு நீட்டியவரில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு மழை வருமா என்று கேட்டார்.

உதயசூரியனுக்குப் புரிந்தது. அவன் பையைத் தொடவில்லை.

"நான் கேட்டுப் பாத்துட்டேன், ஊலே. நீங்க வர்றதுக்கு முந்தியே. மத்த வீட்டுத் தாள்ல ஒண்ணுல வயசு தப்பா இருக்கும், ஒண்ணுல ஆளே ஊர்ல இருக்க மாட்டான். அதச் சொல்லி இழுக்கலாம், பேரத் தள்ளிப் போடலாம். உங்க பையன் எப்ப போனான், எப்ப வந்தான், எந்தெந்த ராத்திரி எங்க படுத்தான், எல்லாம் முத்திரையோட இருக்கு. போன மாசம்தான் மேல இருக்கறவரே பாத்துக் கையெழுத்துப் போட்டாரு. உங்க தாள்ல பிடிச்சு இழுக்க ஒரு நூலு இல்ல."

நாகரத்தினம் பையின் முடிச்சை இறுக்கினார். உதயசூரியனின் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அதைக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்து, தரையில் பட்ட ஈர வட்டத்தைத் துண்டால் துடைத்தார். நான் அன்றைக்கே அதை அடுப்பில் போட்டிருக்கலாம் என்று சொன்னார். உதயசூரியன், நான் அந்த அச்சுத்தாளையே உங்கள் கையில் திணித்து அனுப்பியிருக்கலாம் என்றான். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது அவன் குனிந்து அவருடைய செருப்பைத் திருப்பி வைத்தான்.

மே 6, திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு எட்டுப் பேரும் மண்டபத்தில் கூட வேண்டும். தமிழ்மணி பெட்டியைப் பிரித்துச் சட்டைகளை அலமாரியில் அடுக்கிவிட்டு, அவர்கள் சொன்னபடி ஒரு சிறிய பையில் இரண்டு லுங்கியும் பல்துலக்கியும் மட்டும் எடுத்துக்கொண்டான். லதா திருநீறு பூசிவிட்டாள். அவன் அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

"என் மேலே கோவமாடா?" என்று கேட்டார் நாகரத்தினம்.

"நீங்க தப்பா ஒண்ணும் எழுதலையேப்பா" என்றான் அவன்.

அதை ஆறுதலாகத்தான் சொன்னான். மகனுடைய குரலில் குத்தல் இருக்கிறதா என்று நாகரத்தினம் அப்போதும் தேடினார், பிறகும் பல நாள் தேடினார். இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மண்டபத்து வாசலில் பெயர் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர் தாளைப் பார்த்து வீட்டெண், தெரு, வார்டு எல்லாவற்றையும் வாசித்து, சரியா என்று கேட்டார். சரி என்றான் தமிழ்மணி. லாரி பாலத்தில் ஏறி மறையும்வரை லதா கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். நாகரத்தினத்துக்குக் கை தூக்க வரவில்லை.

அவர் அன்றைக்கும் அடுத்த இரண்டு நாளும் வீட்டைவிட்டு இறங்கவில்லை. லதா கடையை வீட்டுக்காரனிடம் விட்டுவிட்டுக் கூடவே தங்கினாள். நாலாம் நாள் மதியம் கூரியர்காரன் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டுக் குரல் கொடுத்தான். நேரில்தான் கொடுக்க வேண்டிய உறை, பெயருக்குரியவர் கையெழுத்துப் போடணும், இல்லாவிட்டால் வீட்டில் உள்ளவர் போடலாம், ஆனால் பெயருக்குரியவர் இந்த முகவரியில் இருக்கிறார் என்று உறுதி சொல்லணும் என்றான்.

"தமிழ்மணி இங்கதானே இருக்காரு?"

கதவுக்குப் பின்னால் நின்ற லதா அப்பாவைப் பார்த்தாள்.

"இங்கதான் இருக்கான்" என்றார் நாகரத்தினம்.

காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். லதா உறையைப் பிரித்தாள். விளக்கம் ஏற்கப்பட்டது, வேலை தேடும் விசா வழங்கப்பட்டது, மூன்று மாதத்துக்குள் நாட்டுக்குள் நுழைய வேண்டும். கடிதம் எழுதப்பட்டது ஏப்ரல் 30. தாகேதா வந்து சேர்ந்தது 2024 மே 9, வியாழக்கிழமை.